தாதியர் கல்வியும் நூற்றுக்கு நூறு என்னும் சுமையும்

(உயர்தரம், உயிரியல் பிரிவு மாணவி)

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்பது நம் முன்னோர் வாக்கு. உணவுக்கும் பணத்துக்கும் சொல்லப்படும் இவ்வார்த்தை படிப்புக்கும் பொருந்துமா? நன்றாகப் படிக்க வேண்டும் என்ற ஆசை கூட அளவு மிஞ்சிப் போகுமா? போகும் என்பதை நம் வகுப்பறைகளைக் கூர்ந்து பார்த்தாலே அறியலாம். தவணைப் பரீட்சையில் 75 எடுத்தவள் சிரிக்கிறாள். 74 எடுத்தவள் இரண்டு நாட்கள் சாப்பிடாமல் இருக்கிறாள். இருவருக்கும் இடையில் உள்ள அறிவு வித்தியாசம் ஒரேயொரு பல்தேர்வு வினாவுக்குக் கூட வராது.

இக்கட்டுரைக்குத் தாதியர் கல்வியை எடுத்துக்கொண்டதற்குக் காரணங்கள் இரண்டு. உயிரியல் பிரிவில் கற்கும் எம்மில் பலர் மருத்துவ பீடத்துக்கு அடுத்ததாக எண்ணிப் பார்ப்பது இத்துறையையே. அத்துடன், தவறு நேரக் கூடாது என்ற எண்ணம் நியாயமாகவே வலுவாக இருக்க வேண்டிய தொழிலும் இதுதான். அப்படிப்பட்ட தொழிலிலேயே பூரணத்துவ வேட்கை கேடு செய்யும் என்றால், மற்றத் துறைகளைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

பூரணத்துவ வேட்கை என்றால் என்ன?

கடின உழைப்பும் பூரணத்துவ வேட்கையும் ஒன்றல்ல. உழைக்கும் மாணவி, "இப்பாடத்தை நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும்" என்கிறாள். பூரணத்துவ வேட்கை கொண்டவள், "ஒரு புள்ளி குறைந்தாலும் நான் ஒன்றுக்கும் உதவாதவள்" என்கிறாள். முதலாமவளுக்குப் புள்ளி ஒரு தகவல். இரண்டாமவளுக்கு அது தன்னைப் பற்றிய தீர்ப்பு.

போல் ஹெவிட், கோர்டன் பிளெட் என்னும் உளவியலாளர்கள் 1991ஆம் ஆண்டில் இதனை மூன்றாக வகுத்தனர். தன்னிடம் தானே குறையின்மையை எதிர்பார்ப்பது ஒன்று. பிறரிடம் அதனை எதிர்பார்ப்பது மற்றொன்று. "மற்றவர்கள் என்னிடம் குறையின்மையை எதிர்பார்க்கிறார்கள், இல்லாவிட்டால் என்னை மதிக்கமாட்டார்கள்" என நம்புவது மூன்றாவது. தோமஸ் கரன், அன்ட்ரூ ஹில் ஆகிய ஆய்வாளர்கள், 1989 முதல் 2016 வரை அமெரிக்கா, கனடா, பிரித்தானியா ஆகிய நாடுகளில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் பெறப்பட்ட தரவுகளைத் தொகுத்துப் பார்த்தனர். மூன்று வகைகளும் கூடியிருந்தன. மிக அதிகமாகக் கூடியிருந்தது மூன்றாவது வகையே. பிறர் பார்வைக்குப் பயந்து படிப்பது அந்நாடுகளில் பெருகி வந்தது என்பதே இதன் பொருள்.

நம் மலையகத்தில் இது ஏன் கூடுதலாக அழுத்துகிறது?

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் வாழும் நமக்கு இதற்கெனச் சில தனிக் காரணங்கள் உண்டு. எம்மோடு படிக்கும் தோட்டப்புறத் தோழிகளின் வீடுகளை எண்ணிப் பாருங்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் அன்றைய கிலோ குறைந்தால் முழுப்பேர் கிடைக்காது, அரைப்பேர்தான். நாள் முழுவதும் மழையிலும் அட்டைக்கடியிலும் நின்றது கணக்கில் வராது. தாயின் ஒரு நாள் உழைப்பு ஒரு கிலோவினால் பாதியாவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, ஒரு புள்ளி குறைவது பெரிய இழப்பாகத் தோன்றுவதில் வியப்பில்லை. கடை வைத்திருக்கும் எமது வாப்பாமார்களும் மாத முடிவில் கணக்குப் புத்தகம் சரிவராவிட்டால் நித்திரை கொள்ளாதவர்களே. அளந்து பார்த்தே வாழ்ந்து பழகிய ஊர் இது.

இன்னொன்றும் உண்டு. ஒரு லயத்திலிருந்தோ ஒரு தெருவிலிருந்தோ உயர்தரம் சித்தியடைந்து தாதியர் பயிற்சிக்குச் செல்பவள் பெரும்பாலும் முதலாமவளாக இருக்கிறாள். அவள் தனக்காக மட்டும் படிப்பதில்லை. உம்மாவின் நகை, அண்ணனின் கொழும்புக் கடைச் சம்பளம், அயலவரின் எதிர்பார்ப்பு என அத்தனையும் அவளது புத்தகப்பையில் ஏறிக்கொள்கின்றன. பல்கலைக்கழகத்தில் தாதியர் பட்டப்படிப்பு ஆங்கிலத்தில் நடைபெறுகிறது. தமிழில் "இதயவறை" என்று படித்தவள் அங்கே எல்லாவற்றையும் புதிய பெயரால் கற்க வேண்டும். பாடசாலையில் முதலாமிடம் பெற்றவள் முதற் பரீட்சையில் 50 எடுக்கிறாள். அவளது அறிவு குறையவில்லை, மொழி மாறியிருக்கிறது. இதனை யாரும் எடுத்துச் சொல்லாவிட்டால் அவள் தன்னையே குறை கூறிக்கொள்வாள்.

புள்ளி உண்மையில் எதைச் சொல்கிறது?

நாம் அஞ்சும் புள்ளியை நாமே சரியாக விளங்கிக்கொண்டோமா? 2001ஆம் ஆண்டு முதல் நமது நாட்டில் பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி பயன்படுகிறது. ஒருவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, வரும் விடையை நியம விலகலால் வகுத்தால் கிடைப்பது அது. ஓர் உதாரணம் பார்ப்போம். உயிரியலில் சராசரி 50, நியம விலகல் 15 என்றும், நீங்கள் எடுத்தது 65 என்றும் வைத்துக்கொள்வோம். உங்கள் இசட் புள்ளி 1. இரசாயனவியலில் சராசரி 40, நியம விலகல் 10, நீங்கள் எடுத்தது 60 எனின் இசட் புள்ளி 2. அதாவது இங்கே 65ஐ விட 60 பெறுமதி கூடியது! மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளையும் கூட்டிச் சராசரி எடுத்தே தகுதி தீர்மானிக்கப்படுகிறது.

அனுமதி முறையும் அறியத்தக்கது. பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் தகுதி அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. அம்மாவட்டங்களுள் நுவரெலியாவும் ஒன்று. வசதிகள் சமமாக இல்லை என்பதை அரசே ஏற்றுக்கொண்டுள்ளது. அப்படியிருக்க, கொழும்பு மாணவியின் புள்ளியோடு ஒப்பிட்டு நம் பிள்ளையை நாமே ஏன் குறைத்து மதிப்பிட வேண்டும்? ஆகவே புள்ளி என்பது ஒரு நாளில், ஒரு வினாத்தாளில், ஒரு கூட்டத்தின் நடுவே நாம் நின்ற இடத்தைக் காட்டும் அடையாளம் மட்டுமே.

தாதியர் தொழிலில் தவறுக்கு உள்ள இடம்

"மார்க்ஸில் ஒன்று குறையலாம், நோயாளியின் உயிரில் குறைய முடியாதே" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வைத்தியசாலைகள் இதற்கு என்ன விடை கண்டிருக்கின்றன என்று பார்ப்போம்.

மருந்து கொடுக்கும்போது சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என ஐந்தையும் சரிபார்க்குமாறு தாதியருக்குக் கற்பிக்கப்படுகிறது. ஆபத்தான மருந்தாயின் இன்னொரு தாதியும் பார்த்து உறுதிப்படுத்துவார். ஏன் இந்த ஏற்பாடு? எவ்வளவு கெட்டிக்காரியும் ஒருநாள் தவறலாம் என்று தெரிந்திருப்பதால்தான். யானைக்கும் அடி சறுக்கும் அல்லவா? அமெரிக்காவின் மருத்துவ நிறுவகம் 1999இல் வெளியிட்ட பிரபல அறிக்கை, அந்நாட்டு வைத்தியசாலைகளில் தவிர்க்கக்கூடிய தவறுகளால் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 வரையானோர் இறக்கின்றனர் என மதிப்பிட்டது. தனி மனிதரைப் பழி சொல்வதால் இது குறையாது, தவறை உடனே அறிவித்து முறையைத் திருத்துவதே வழி என அது வலியுறுத்தியது.

இனி யோசியுங்கள். தவறினால் தன் மதிப்பே போய்விடும் என நம்பும் தாதி, தவறொன்று நேர்ந்தால் என்ன செய்வாள்? மறைக்கத் தூண்டப்படுவாள். "சந்தேகமாக இருக்கிறது, ஒருமுறை பாருங்கள்" என மூத்தவரிடம் கேட்கவும் வெட்கப்படுவாள். நோயாளிக்கு ஆபத்து வருவது அங்கேதான். வகுப்பில் கை உயர்த்திக் கேள்வி கேட்கப் பயப்படும் பழக்கம், வார்டில் கேள்வி கேட்கப் பயப்படும் பழக்கமாக வளர்கிறது.

நவீன தாதியியலின் முன்னோடியான புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1820ஆம் ஆண்டு மே 12ஆம் திகதி பிறந்தவர். கிரிமியப் போரில் காயமுற்றோரைப் பராமரிக்க 1854இல் ஸ்கூட்டாரி சென்றார். காயங்களை விடத் தடுக்கக்கூடிய நோய்களாலேயே படைவீரர் பெரிதும் மடிந்தனர் என்பதைப் பின்னர் கணக்குகளோடு வரைபடமாக வெளியிட்டார். தாம் பணியாற்றிய வைத்தியசாலையின் மரணக் கணக்கும் அதில் அடங்கும். அவர் அதை மூடி மறைக்கவில்லை. திருத்தத்துக்கு அதுவே வழியானது. அவருக்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன், மதீனாவில் பள்ளிவாசலருகே கூடாரம் அமைத்துக் காயமுற்றோரைப் பராமரித்த ருபைதா அல்-அஸ்லமிய்யா அவர்களை இஸ்லாமிய வரலாறு நினைவுகூர்கிறது. அவர் பெயரை நாம் இன்றும் சொல்வது அவர் செய்த பராமரிப்புக்காகவே.

என்ன செய்யலாம்?

முதலாவதாக, எங்கே குறையே கூடாது, எங்கே போதுமானது போதும் எனப் பிரித்தறிய வேண்டும். 12 கிலோ நிறையுள்ள குழந்தைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் பரசிற்றமோல் கொடுக்க வேண்டும் எனின் தேவை 180 மில்லிகிராம். பாணியில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் இருந்தால் 7.5 மில்லிலீற்றர் கொடுக்க வேண்டும். இக்கணக்கு ஒவ்வொரு முறையும் சரியாக வர வேண்டும். இதனை இரண்டு தடவை செய்து பாருங்கள். ஆனால் ஒப்படையின் முகப்புப் பக்கத்துக்குப் பூ வரைய இரவு பன்னிரண்டு மணி வரை விழித்திருக்கத் தேவையில்லை. பூரணத்துவ வேட்கை எல்லாவற்றுக்கும் ஒரே பலத்தைச் செலவிட வைத்து, முக்கியமானதற்குப் பலமில்லாமல் செய்துவிடுகிறது. தேயிலை மலையில் நல்ல கை உள்ளவர் இதை அறிவார். மிக அழகான தளிரைத் தேடி நிற்பவருக்கு நிறை வராது. முற்றல் இலையையும் சேர்த்துப் பிடுங்குபவருக்குக் கொழுந்து கழிக்கப்படும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கண்ணில் பட்டதும் கை போக வேண்டும்.

இரண்டாவதாக, பிழைக் கொப்பி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சைத் தாள் கிடைத்ததும் புள்ளியைப் பார்த்து மடித்து வைக்காமல், பிழைத்த வினா, பிழைத்த காரணம், சரியான விடை என மூன்று நிரல்களில் எழுதுங்கள். காரணம் "தெரியாது" என்பதா, "அவசரம்" என்பதா, "வினா விளங்கவில்லை" என்பதா எனப் பிரித்தால், அழுவதற்குப் பதிலாகச் செய்வதற்கு ஒரு வேலை கிடைக்கும்.

மூன்றாவதாக, வாசித்ததையே திரும்பத் திரும்ப வாசிப்பதை விடப் புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பாருங்கள். ரோடிகர், கார்ப்பிக் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மீண்டும் வாசித்தவர்கள் ஐந்து நிமிடங்களின் பின் நடந்த சோதனையில் முந்தினர். ஒரு வாரத்தின் பின்னரோ தம்மைத் தாமே சோதித்துப் பார்த்தவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தனர். பூரணத்துவ வேட்கை உள்ளவர்கள் இம்முறையைத் தவிர்ப்பதுண்டு. ஏனெனில் எழுதிப் பார்த்தால் பிழை வெளியே தெரியும். பிழை தெரிவதுதான் அதன் பயனே.

நான்காவதாக, நித்திரைக்கு ஒரு நேரத்தைக் குறித்து, அந்நேரம் வந்ததும் புத்தகத்தை மூடுங்கள். மிச்சமிருப்பதை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் படுங்கள்.

பெற்றோரிடம் சில வார்த்தைகள்

அன்பான பெற்றோரே! தேர்ச்சி அறிக்கை வீட்டுக்கு வரும் நாளில் உங்கள் முதற் கேள்வி என்ன? "எத்தனையாம் பிள்ளை?" என்பதா? அதற்குப் பதிலாக "எந்தப் பாடம் கஷ்டமாக இருந்தது, மகள்?" என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையின் பெயரை அந்த ஒரு நாளாவது எடுக்காதீர்கள். நீங்கள் பட்ட கஷ்டம் எங்களுக்குத் தெரியும். அதனால்தான் உங்கள் முகம் வாடினால் எங்களால் தாங்க முடிவதில்லை.

நித்திரையின்மை, பசியின்மை, தொடர்ந்து அழுகை, "நான் இருந்தென்ன" என்ற பேச்சு ஆகியவை பிள்ளையிடம் தென்பட்டால் அதனைச் சோம்பல் என்றோ நடிப்பு என்றோ எண்ண வேண்டாம். பாடசாலையின் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரை நாடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

முடிவாக

இந்திய உதவியுடன் கட்டப்பட்ட, 150 கட்டில்களைக் கொண்ட டிக்கோயா வைத்தியசாலைக் கட்டடம் 2017ஆம் ஆண்டு மே 12ஆம் திகதி திறந்து வைக்கப்பட்டது. அது நைட்டிங்கேல் பிறந்த நாள், சர்வதேச தாதியர் தினமும் கூட. நம் மலைகளில் கட்டில்கள் வந்தால் மட்டும் போதாது. கொழுந்து மலையில் வழுக்கி விழுந்து வரும் ஒரு தாய் தன் வலியைத் தமிழில் சொல்லும்போது, அதைத் தமிழிலேயே கேட்டு விளங்கும் தாதியரும் வேண்டும். அத்தாய் அவர்களிடம் உயர்தரப் பெறுபேற்றைக் கேட்கப் போவதில்லை. "மகள், இந்த மருந்து எனக்குத்தானா?" என்று கேட்பார். அப்போது கோபப்படாமல், "பொறுங்கம்மா, இன்னொரு முறை பார்த்துவிட்டுத் தாறேன்" என்று சொல்லத் தெரிந்தவளே நல்ல தாதி.

தோழியரே, அந்த வார்த்தையைச் சொல்லும் துணிவை இன்றைய தவணைப் பரீட்சையிலிருந்தே பழகுவோம்.