தீராக் களைப்புக்கு மருந்து உட்கொள்வோர் கவனத்திற்கு

மாதக்கணக்கில் ஓய்வெடுத்தும் நீங்காத களைப்பு நோயை வேரோடு போக்கும் ஔஷதம் இன்றுவரை இல்லை. ஆயினும் நித்திரையின்மை, தேக வலி, எழுந்து நிற்கையில் வரும் தலைசுற்றல் முதலிய உபாதைகளைத் தனித்தனியே தணிக்க வைத்தியர்கள் மருந்து தருவதுண்டு. இந்நோயாளிகளின் சரீரம் மருந்துகளை எளிதில் தாங்காதிருக்கக் கூடுமாதலால், வழக்கமான அளவினும் குறைவாகத் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவதே உசிதமென்று, பிரிட்டனின் நைஸ் என்னும் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. வலிக்கும் உறக்கத்துக்குமாக இரவில் கொடுக்கப்படும் அமிட்ரிப்டிலின் மாத்திரை, நாவை உலர்த்தி, மறுநாள் காலையிலும் மந்தத்தை நீட்டிக்கக் கூடும். ஆகவே தலைமாட்டில் ஒரு சிறு நோட்டு வைத்து, விழுங்கிய வேளையையும் விழித்த வேளையையும் குறித்து வைத்தியரிடம் காட்டுங்கள். மருந்தால் சற்றுத் தெம்பு கண்ட அன்றே, சேர்ந்து கிடக்கும் துணிகளையெல்லாம் துவைத்துவிட முனையாதீர்கள்: அந்த மிகை உழைப்பின் விளைவு அன்றைக்குத் தெரியாமல், மறுநாளோ அதற்கு மறுநாளோ வந்து படுக்கையில் வீழ்த்தும்.