கணக்குத் தொழிலும் மகளிர் ஊதியமும்

வாணிகவியல் பயிலும் நம் மாணவ மாணவியருட் பலர், பட்டம் பெற்றபின் தணிக்கையாளர் அலுவலகங்களிலும் வங்கிகளிலும் கம்பெனிகளின் கணக்குப் பிரிவுகளிலும் சென்று அமர்வர். பற்றும் வரவும் ஒத்து நிற்றல் வேண்டும் என்பது அத்தொழிலின் முதற்பாடம். ஆயினும் அத்தொழில் செய்வாருடைய சம்பளப் பட்டியலை ஆடவர் என்றும் மகளிர் என்றும் இரு பத்திகளாகப் பிரித்துச் சராசரி காண்போமாயின், அவ்விரண்டும் ஒத்து நிற்பதில்லை. அவ்வேற்றுமை எவ்விடத்தில் தோன்றுகின்றது, எவ்வாறு வளர்கின்றது, சம்பளம் பேசி முடித்தல் என்னும் செயலுக்கு அதன்கண் எவ்வளவு பங்குண்டு என்பனவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இத்தொழிலின் வாயில் பெண்மக்களுக்கு நெடுங்காலம் அடைபட்டே கிடந்தது. இலண்டன் மாநகரில் தமக்கெனக் கணக்கு அலுவலகம் நடத்திவந்த மேரி ஹாரிஸ் ஸ்மித் என்னும் அம்மையார், 1891-ஆம் ஆண்டில் இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் பட்டயக் கணக்காளர் கழகத்தில் உறுப்பினராதற்கு விண்ணப்பித்தார். பெண் என்னும் காரணத்தால் மறுக்கப்பட்டார். தொழில்களில் மகளிர்க்கிருந்த தடையை நீக்கிய சட்டம் 1919-இல் பிறந்த பின்னரே, 1920-இல் அவர் அக்கழகத்திற் சேர்க்கப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது 75. நம் நாட்டில் முதன்முதற் பட்டயக் கணக்காளரான பெண்மணி சென்னையைச் சேர்ந்த இரா. சிவபோகம் அம்மையார் ஆவர். இராணி மேரிக் கல்லூரியிற் பயின்றவர். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். இன்று இந்தியப் பட்டயக் கணக்காளருள் ஏறத்தாழப் பத்தில் மூவர் மகளிர். ஆதலின் வாயில் திறந்துவிட்டது என்பதில் ஐயமில்லை. உள்ளே சென்றபின் நிகழ்வதே நம் ஆராய்ச்சிக்குரியது.

ஒரே வேலைக்கு ஆணுக்கொரு கூலி, பெண்ணுக்கொரு கூலி என்று வகுத்தல் சட்டத்திற்கு முரணானது. நம் அரசியலமைப்பின் 39-ஆம் உறுப்பு, சம வேலைக்குச் சம ஊதியம் என்பதை அரசின் நெறியாக வைத்துள்ளது. 1976-இல் அதன்பொருட்டுத் தனிச்சட்டமும் இயற்றப்பட்டது. எனவே வெளிப்படையாக எழுதப்பெற்ற சம்பள விகிதங்களில் இவ்வேற்றுமையைத் தேடுவார் பெரும்பாலும் ஏமாற்றமே அடைவர். பட்டயக் கணக்காளராதற்குப் பயிலும் மாணவர், தணிக்கையாளர் ஒருவரிடம் பயிற்சியிலிருக்குங்கால் பெறும் உதவிச் சம்பளத்தை நோக்குக. அதன் குறைந்த அளவு, ஊரின் மக்கட்டொகையையும் பயிற்சியின் ஆண்டையும் பொறுத்துக் கழகத்தாராலேயே விதிக்கப்பட்டது. அவ்விதியில் ஆண் பெண் என்னும் பாகுபாடு இல்லை. மாநிலக் கணக்காய்வுத் தலைவர் அலுவலகத்திற் சேர்வாரும் அவ்வாறே. ஊதியக்குழு வகுத்த விகிதம் அச்சிடப்பட்டு யாவர்க்கும் தெரிந்ததாகலின், அங்கே பேரம் பேசுதற்கு இடமில்லை. பேரமில்லாத இடத்தில் முதற் சம்பளத்தில் வேற்றுமையும் இல்லை.

தனியார் நிறுவனத்தில் முதன்முறை வேலைக்குச் செல்லும் அன்றுதான் நிலைமை மாறுகின்றது. அங்கே சம்பளம் அச்சிட்ட விகிதமன்று. ஓர் அறையில் இருவர் பேசி முடிப்பது. இருவருள் ஒருவர்க்கு அந்நிறுவனத்தில் யார் யார் எவ்வளவு பெறுகின்றனர் என்பது முழுதும் தெரியும். மற்றொருவர்க்கு ஒன்றும் தெரியாது.

அன்று விட்டுவிடும் சிறு தொகை பின்னர் என்னாகும் என்பதைக் கணக்கினாலேயே காட்டுவாம். ஒரே வகுப்பிற் பயின்ற இருவர் ஒரே நாளில் வேலைக்கு அமர்கின்றனர் என்று கொள்க. ஒருவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு மாதம் ரூபாய் 30,000 பெறுகின்றார். மற்றவர் சற்றுப் பேசி ரூபாய் 33,000 பெறுகின்றார். பின்னர் இருவர்க்கும் ஆண்டுதோறும் நூற்றுக்கு 5 வீதம் ஒரே அளவாக உயர்வு தரப்படுகின்றது. முதலாண்டில் வேற்றுமை ரூபாய் 36,000. முப்பதாம் ஆண்டில் மாத வேற்றுமை மட்டுமே ரூபாய் 12,348 ஆகிவிடும். முப்பது ஆண்டுகளின் மொத்த வேற்றுமை ஏறக்குறைய 23 இலட்சத்து 92 ஆயிரம் ரூபாய். இத்தனைக்கும் இடையில் எவரும் எவர்க்கும் ஓரவஞ்சனை செய்தாரல்லர். ஆண்டு உயர்வு இருவர்க்கும் ஒரே விகிதமே. வைப்பு நிதியும் பணிக்கொடையும் சம்பளத்தைப் பற்றியே கணக்கிடப்படுவன ஆதலின், அவற்றின் குறைவு இத்தொகையிற் சேரவில்லை. வேறு வேலைக்கு மாறுங்கால், “முன்னர் என்ன சம்பளம் பெற்றீர்?” என்று கேட்டு அதன்மேற் சிறிது கூட்டித் தருவதே வழக்கமாதலால், முதல்நாட் குறைவு புதிய அலுவலகத்திற்கும் உடன் செல்லும். கூட்டுவட்டிப் பாடத்தில் நாம் படித்ததெல்லாம் கடன் கொடுத்தவனுக்கு மட்டுமே உரியது என்று எண்ணியிருந்தோம் போலும்!

அற்றேல், பெண்கள் கேட்பதில்லையோ எனின், அதுபற்றி நிகழ்ந்த ஆராய்ச்சிகள் சில உள. அமெரிக்காவிலுள்ள கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டம் பெற்று வேலைக்குச் சென்றோரை லிண்டா பாப்காக் என்னும் பேராசிரியை ஆராய்ந்தார். 2003-இல் வெளிவந்த அவர்தம் நூலில் அம்முடிவுகள் உள்ளன. முதலிற் கூறிய சம்பளத்தை ஏற்காது மேலும் கேட்டவர் ஆடவருள் நூற்றுக்கு 57 பேர். மகளிருள் நூற்றுக்கு 7 பேரே. கேட்டவர்க்குச் சராசரியாக நூற்றுக்கு 7.4 கூடுதலாகக் கிடைத்தது.

இதனைப் படித்த பலரும், பெண்கள் வாய்திறந்து கேட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லத் தொடங்கினர். அவ்வளவில் முடித்துவிடுதல் எமக்கு உடன்பாடன்று. அப்பேராசிரியையும் வேறு இருவரும் 2007-இல் வெளியிட்ட சோதனைகளில், ஆணும் பெண்ணும் ஒரே வகையாகச் சம்பளம் கேட்டபோதும், கேட்ட பெண்ணோடு சேர்ந்து வேலைசெய்ய விருப்பம் குறைந்தவராகவே மதிப்பிட்டோர் காணப்பட்டனர். கேட்ட ஆணுக்கு அத்துணைத் தண்டம் இல்லை. ஆஸ்திரேலியத் தொழிலாளரைப் பற்றி 2018-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, அங்கே மகளிரும் ஆடவர்போலவே உயர்வு கேட்கின்றனர் எனவும், கேட்ட ஆடவருள் நூற்றுக்கு 20 பேருக்குக் கிடைக்க, மகளிருள் 15 பேருக்கே கிடைத்தது எனவும் காட்டிற்று. எனவே வாளா இருப்பின் குறைவு. கேட்பினும் முழுதும் கிடைப்பதில்லை. கேட்டதன் பொருட்டே மனக்கசப்பும் நேரலாம். இம்மூன்றையும் அறிந்தே ஒரு பெண் அவ்வறைக்குட் செல்கின்றாள். அவள் தயங்குவாளாயின் அதனைக் கோழைமை என்று இகழ்தல் தகாது.

இவ்விக்கட்டு ஒரு பெரிய கணக்கு நிறுவனத்தையே நீதிமன்றம் வரை கொண்டுசென்றது. பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்னும் நிறுவனத்தின் வாஷிங்டன் அலுவலகத்தில் ஆன் ஹாப்கின்ஸ் என்னும் அம்மையார் ஆலோசனைப் பிரிவில் வேலை பார்த்தார். அமெரிக்க வெளியுறவுத் துறையிலிருந்து ஏறத்தாழ 25 மில்லியன் டாலர் மதிப்புள்ள ஒப்பந்தம் ஒன்று அந்நிறுவனத்திற்குக் கிடைக்கப் பெருந்துணை புரிந்தவர். 1982-இல் பங்குதாரர் பதவிக்குப் பெயர் கூறப்பட்ட 88 பேருள் அவர் ஒருவரே பெண். அந்நாளில் அந்நிறுவனத்திற் பங்குதாரராயிருந்த 662 பேருள் மகளிர் எழுவரே. அவருடைய திறமையை மறுத்தவர் இலர்; இயல்பு கடுமையானது, பெண்மைக்கு ஒவ்வாதது என்றே குறை கூறினர். பதவி தள்ளிவைக்கப்பட்டபோது, பெண்மை தோன்ற நடந்து பெண்மை தோன்றப் பேசுக, முகப்பூச்சு அணிக, கூந்தலை ஒப்பனை செய்க, அணிகலன் பூணுக என்று மேலோர் ஒருவர் அறிவுரை கூறினார். ஒப்பந்தம் பெற்றுத் தருதற்கு வேண்டிய அதே கடுமை, பதவி தருங்கால் குற்றமாயிற்று. அவர் வழக்குத் தொடுத்தார். 1989-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், வேலைக்கு உறுதியும் துணிவும் வேண்டும் என்று கேட்டுவிட்டுப் பெண்ணிடத்தில் அவற்றையே குறையாகக் கொள்ளுதல் அவளை மீளா இக்கட்டில் நிறுத்துவதாகும் என்னும் கருத்துப்படத் தீர்ப்புரைத்தது. வழக்கு மீண்டும் கீழ்நீதிமன்றத்திற்குச் சென்று, 1990-இல் அவரைப் பங்குதாரராகச் சேர்க்குமாறு ஆணை பிறந்தது. மறு ஆண்டில் அவர் அந்நிறுவனத்திற்கே திரும்பிச் சென்று, வழக்கில் எதிர்நின்றாரோடு பங்குதாரராய் அமர்ந்தார்.

பங்குதாரர் என்னும் இப்படியே இத்தொழிலில் ஊதிய வேற்றுமையின் பெரும்பகுதியைத் தாங்கி நிற்பது. பிரிட்டனில் 250 பேரும் அதற்கு மேலும் கொண்ட நிறுவனங்கள் தம் ஆடவர், மகளிர் ஊதியச் சராசரி வேற்றுமையை ஆண்டுதோறும் வெளியிடல் வேண்டும் என்னும் விதி 2017-இல் வந்தது. பங்குதாரர் சம்பளம் பெறுவோரல்லர், இலாபத்திற் பங்கு கொள்வோர். ஆதலின் சில கணக்கு நிறுவனங்கள் முதலில் அவர்களை நீக்கிக் கணக்குக் காட்டின. பாராளுமன்ற உறுப்பினரும் பத்திரிகைகளும் வினவிய பின்னர், 2018-இல் நான்கு பெரிய நிறுவனங்களும் பங்குதாரரையும் சேர்த்து வெளியிட்டபோது சராசரி வேற்றுமை நூற்றுக்கு 40 என்னும் அளவை ஒட்டி நின்றது. அவர்களை நீக்கிய கணக்கில் அது ஏறக்குறையப் பாதியாகவோ அதனினும் குறைவாகவோ இருந்தது. எதனைச் சேர்ப்பது எதனை விடுப்பது என்பதனால் ஒரு கணக்கின் முகமே மாறிவிடும் என்பதைத் தணிக்கையாளர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியில் மகளிர் குறைவாக ஏறுதற்குப் பேரம் மட்டும் காரணமன்று. வேலை நேரமும் காரணம். 2023-இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் அம்மையார் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். ஒரே தொழிலில் ஏறத்தாழ ஒரே சம்பளத்தில் தொடங்கும் ஆணும் பெண்ணும், முதற்குழந்தை பிறந்தபின் விலகத் தொடங்கிப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வெகு தொலைவு பிரிந்துவிடுகின்றனர் என்பதும், அழைத்தபோதெல்லாம் வந்து நெடுநேரம் உழைப்பார்க்கு மணிக்கணக்கினும் மிகுதியாக ஊதியம் தரும் தொழில்களிலேயே இப்பிரிவு பெரிது என்பதும் அவர்தம் முடிபுகள். வருமானவரித் தணிக்கை அறிக்கையின் கெடு நெருங்கும் செப்டம்பர் மாதத்தில் எந்தத் தணிக்கையாளர் அலுவலகத்தையேனும் இரவு பத்து மணிக்குச் சென்று பார்த்தவர்க்கு இது விளங்கும். அந்நேரத்தில் வீட்டில் அடுப்பையும் குழந்தையையும் யார் பார்க்கின்றார் என்பதைப் பொறுத்தே, அங்கே யார் அமர்ந்திருக்கின்றார் என்பதும் அமையும். அமெரிக்காவில் மருந்தாளர் தொழிலில், ஒருவர் விட்ட வேலையை மற்றொருவர் தொடரத்தக்க ஏற்பாடு உண்டானபின் வேற்றுமை மிகச் சுருங்கிற்று என்பதையும் அவரே எடுத்துக்காட்டுகின்றார்.

நிற்க. விவிலியத்தில் எண்ணாகமம் 27-ஆம் அதிகாரத்தில் வரும் செலொப்பியாத்தின் குமாரத்திகள் ஐவரை நம் வாசகர் அறிவர். ஆண்மகன் இல்லாத தந்தையின் காணியைத் தமக்குத் தரல் வேண்டும் என்று அவர்கள் சபைமுன் நின்று கேட்டனர். அவர்கள் கேட்டது கிடைத்ததோடு அமையவில்லை. அத்தகைய பெண்கள் எல்லார்க்கும் அதுவே பிரமாணமாயிற்று. கேட்டல் நன்றே, ஆயின் ஒவ்வொருத்தியும் தனித்தனியே அறைக்குட் சென்று கேட்பதினும், கேட்டது பொதுவிதியாக மாறுதலே பயன்மிக்கது. இக்காலத்து ஆராய்ச்சிகளும் இதனையே காட்டுகின்றன. சம்பளம் பேசி முடிக்கத்தக்கது என்று வேலை விளம்பரத்திலேயே வெளிப்படையாக எழுதிவிட்டால், கேட்பதில் ஆண் பெண் வேற்றுமை மறைந்துவிடுகின்றது என்று அமெரிக்காவில் நடத்திய ஒரு சோதனை 2015-இல் வெளிவந்தது. டென்மார்க்கு நாட்டில் நிறுவனங்கள் இரு பாலாரின் ஊதியப் புள்ளிகளைக் காட்டல் வேண்டும் என்று 2006-இல் சட்டம் செய்தபின், அவற்றில் வேற்றுமை ஓரளவு குறைந்தது. மகளிர் ஊதியம் மிக விரைந்து ஏறியதனாலன்று, ஆடவர் ஊதியம் ஏறும் வேகம் தணிந்ததனால் என்பதையும் மறையாது கூறல் வேண்டும். முன்னைச் சம்பளத்தை வினவலாகாது என்று மாசசூசெட்ஸ் மாநிலம் 2016-இல் சட்டம் இயற்றிற்று. 2023-இல் ஐரோப்பிய ஒன்றியமும் அவ்வாறே விதித்து, வேலை நாடுவார்க்குச் சம்பள அளவை முன்னரே அறிவித்தல் வேண்டும் என்றும் ஆணையிட்டது.

அத்தகைய விதி இல்லாத இடத்தில் வேலை தேடும் மாணவியர்க்குச் சில சொல்லுதல் நலம். வேலை உண்டு என்று அவர்கள் கூறியதற்கும் நீர் ஒப்புக் கையெழுத்திடுவதற்கும் இடையிலுள்ள சில நாட்களே சம்பளம் பேசுதற்குரிய காலம். முன்னர்ப் பேசினால் பலன் குறைவு, பின்னர்ப் பேசினால் இல்லை. ஆண்டுக்கு இத்தனை இலட்சம் என்று கூறும் மொத்தத் தொகையில் நிறுவனம் செலுத்தும் வைப்பு நிதியும் உறுதியில்லாத ஊக்கத்தொகையும் அடங்கியிருக்கும். ஆதலின் மாதம் கைக்கு வரும் தொகை எவ்வளவு, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பிரித்து எழுதித் தருமாறு கேட்க. எனக்கு வேண்டும் என்று கேளாது, இந்த வேலைக்கு இந்நகரத்தில் இவ்வளவு தரப்படுகின்றது, யான் இன்னின்ன தேர்வில் தேறியுள்ளேன், இன்னின்ன தணிக்கைகளிற் பயின்றுள்ளேன் என்று ஆதாரத்தோடு கேட்க. கணக்கறிந்தார் கணக்கினாற் பேசுதலில் ஒருவர்க்கும் மனக்கசப்பு எழுதற்கு இடம் குறைவு.

ஆயின் இந்நகரத்தில் எவ்வளவு தரப்படுகின்றது என்பதை மாணவி எவ்வாறு அறிவாள்? உடன்பயின்ற ஆடவர்க்குத் தம் தமையன்மார், விடுதித் தோழர், விளையாட்டுக் குழுவினர் வாயிலாக அது எளிதில் எட்டிவிடுகின்றது. ஆதலின் பழைய மாணவர் சங்கத்தாருக்கு எம் வேண்டுகோள் ஒன்றுண்டு. வாணிகவியற் பட்டம் பெற்று வெளிச்சென்றோரிடமிருந்து ஆண்டுதோறும் பெயரின்றி ஒரு சிறு சீட்டுப் பெறலாம். பட்டம் பெற்ற ஆண்டு, ஆணோ பெண்ணோ, ஊர், வேலையின் வகை, முதலிற் கூறிய சம்பளம், பேசியபின் முடிந்த சம்பளம் என்னும் ஆறு பத்திகள் போதும். அவற்றைத் தொகுத்து, இறுதியாண்டு மாணவர்க்கு நேர்காணல் தொடங்கும் முன்னர், துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடலாம். தொகுக்கும் பணியை இரண்டாமாண்டு மாணவரே செய்துவிடுவர். அதற்கு வேண்டிய கணக்கெல்லாம் அவர்கள் முதலாண்டிலேயே கற்றவை.