யார் காதில் விழச் சொன்னது?

திருச்சி

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய மூன்றாம் இயலைப் படித்துவிட்டேன். களக்குறிப்புகளையும் சேர்த்து அனுப்பியது நல்லதாயிற்று. இயல் சொல்லாத பலவற்றை அந்தக் குறிப்புகள் சொல்கின்றன. உன் நெறியாளருக்கு இயல் பிடித்துப்போனதாக எழுதியிருக்கிறாய். எனக்கு ஓர் இடத்தில் உடன்பாடு இல்லை. ஆய்வேடு முழுவதும் அந்த இடத்தின் மேல்தான் நிற்கிறது என்பதால் போனில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை, எழுதுகிறேன்.

காலனியில் நீ பேசியவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்கள். "எங்க ஊர்ல அந்த மாதிரி எதுவும் இல்லம்மா, அவங்கவங்க வழக்கப்படி ஒத்துமையாத்தான் இருக்கோம்." இதை வைத்து, சாதி அடுக்கை அவர்கள் மனதாலும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று முடிவுகட்டியிருக்கிறாய். துணைக்கு மைக்கேல் மொஃபாட்டை அழைத்திருக்கிறாய்.

மொஃபாட்டின் நூல் 1979இல் வந்தது. செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் வேலை செய்து எழுதியது. உழைப்பும் கவனமும் உள்ள நூல், அதை நீ ஆழ்ந்து படித்திருப்பது தெரிகிறது. அவர் சொல்வதன் சாரம் இதுதான். ஊர்த்தெரு தங்களுக்கு மறுத்த உறவுகளையும் சடங்குகளையும் சேரி தனக்குள் மறுபடி உருவாக்கிக்கொள்கிறது. பறையருக்கு வள்ளுவர் சடங்கு செய்கிறார், புதிரை வண்ணார் துணி வெளுக்கிறார், இன்னும் கீழே என்று சிலரை ஒதுக்கியும் வைக்கிறார்கள். ஒதுக்கப்பட்டவர்களே அதே அடுக்கைத் தங்களுக்குள் கட்டிக்கொண்டால், அதன் மதிப்பீடுகள் அவர்களுக்கும் உடன்பாடு என்றுதானே ஆகிறது என்கிறார் அவர். இந்த வாதத்தின் பின்னால் லூயி துய்மோன் நிற்கிறார். மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர் நடுவே தங்கி ஆய்ந்தவர் அவர். 1966இல் எழுதிய பெரிய நூலில், தூய்மை, தீட்டு என்ற ஒற்றை எதிர்வைக் கொண்டு இந்தியச் சமூகம் முழுவதையும் விளக்கிவிடலாம் என்று காட்ட முயன்றார்.

இப்போது இதே தகவலை அம்பேத்கர் கையில் கொடுத்துப் பார். 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் சாதியின் தோற்றம் பற்றிக் கட்டுரை படித்தபோது அவருக்கு 25 வயதுதான். அகமணமே சாதியின் உயிர்நாடி என்றும், ஒரு கூட்டம் கதவைச் சாத்திக்கொண்டதைப் பார்த்து மற்றவையும் அதைப் பின்பற்றின என்றும் அன்றே சொன்னார். பின்னாளில் அது படிநிலைச் சமமின்மை என்ற கருத்தாக வளர்ந்தது. ஒவ்வொருவனுக்கும் கீழே ஒருவனை வைத்துவிட்டால், தான் மிதிபடுவதற்காக முழு அடுக்கையும் எதிர்த்து எழ எவனுக்கும் கை வராது. எழுந்தால் தன் காலடியில் இருப்பவன்மேல் உள்ள அதிகாரமும் போய்விடும். வள்ளுவரும் புதிரை வண்ணாரும் இங்கேயும் அதே இடத்தில்தான் இருக்கிறார்கள், தகவல் ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் மொஃபாட்டுக்கு உடன்பாடாகத் தெரிந்தது, அம்பேத்கருக்கு ஆட்களைப் பிரித்துப் பூட்டிவைக்கும் பொறியாகத் தெரிகிறது. மொஃபாட்டுக்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1974இல், ஜோன் மென்ஷர் என்ற அமெரிக்க மானிடவியலாளர், அவரும் செங்கல்பட்டில் வேலை செய்தவர், சாதியைக் கீழிருந்து பார்த்தால் அது மலிவான உழைப்பைப் பிடித்துவைக்கும் ஏற்பாடாகத்தான் தெரியும் என்று எழுதினார். ஒரே நலன் உள்ளவர்கள் ஒரே வர்க்கமாகத் திரளவிடாமல் தடுப்பதும் அதன் வேலை என்றார். உன் இயலில் மென்ஷரும் இல்லை, அம்பேத்கரும் இல்லை. இந்தப் பொருளில் ஓர் ஆய்வேட்டை அம்பேத்கர் இல்லாமல் எழுதலாம் என்று உனக்கு யார் சொல்லியிருந்தாலும் அதை ஏற்காதே.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது நூல்பட்டியலைச் சரிசெய்ய அல்ல. உன் குறிப்பேட்டில் இருக்கும் ஒரு விவரம்தான் என்னை உறுத்துகிறது. நீ தங்கியிருப்பது ஊர்த்தெருவில், நிலமுள்ளவர் வீட்டில். காலனிக்கு உன்னை அழைத்துப்போகிறவர் அந்த வீட்டுக்காரரின் தம்பி. நேர்காணல் நடக்கும்போது அவர் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார் என்று நீயே எழுதியிருக்கிறாய், "மிகவும் உதவியாக இருந்தார்" என்ற பாராட்டோடு.

ஜெரால்டு பெர்ரிமனை நீ இன்னும் படிக்கவில்லை என்று நினைக்கிறேன். 1957, 58 வாக்கில் இமயமலை அடிவாரத்தில், கட்வால் பகுதியில், ஒரு கிராமத்தில் தங்கி வேலை செய்தவர். அவருக்கு மொழிபெயர்ப்பாளராக வந்தவர் ஒரு பிராமண இளைஞர். மேல்சாதியார் இவர்களிடம் தாராளமாகப் பேசினார்கள், ஆனால் சாத்திரம் தவறாதவர்கள் என்று காட்டிக்கொள்ளும் விதமாக. இறைச்சி, சாராயம், ஆடு வெட்டுவது பற்றியெல்லாம் மூச்சு விடவில்லை. கீழ்ச்சாதியார் வாயையே திறக்கவில்லை. சில மாதங்களில் அந்த இளைஞர் நோயுற்று விலகிவிட, அவர் இடத்துக்கு ஒரு முஸ்லிம் ஆசிரியர் வந்தார். கிராமமே மாறிப்போயிற்று. மேல்சாதியார் கொஞ்சம் ஒதுங்கினார்கள். கீழ்ச்சாதியார் தங்களைப் பற்றியும், அதைவிட அதிகமாக மேல்சாதியாரைப் பற்றியும் பேச ஆரம்பித்தார்கள். மறைக்கப்பட்டதெல்லாம் வெளியே வந்தது. ஆய்வாளர் அதே ஆள், அவர் கேட்ட கேள்விகளும் அவையேதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மட்டுமே மாறினார்.

பெர்ரிமன் இதை 1962இல் ஒரு சிறு நூலாக எழுதினார். எர்விங் கோஃப்மனின் பார்வையை அதற்கு எடுத்துக்கொண்டார். கோஃப்மன் ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்துத் தீவுகளில் இருந்து மக்களைக் கவனித்தவர். மனிதர்கள் பிறர் பார்வையில் இருக்கும்போது ஒருவிதமாகவும், அந்தப் பார்வை விலகியதும் வேறுவிதமாகவும் நடந்துகொள்கிறார்கள் என்பதைக் கோட்பாடாகச் சமைத்தவர். அது நடிப்பு, இது நிஜம் என்று இதை எளிமையாக்கிவிடாதே. இரண்டும் அந்த மனிதர்தான். எந்த வாக்கியம் எந்தப் பார்வையின் முன் சொல்லப்பட்டது என்று குறித்துவைக்காத ஆய்வாளருக்குத்தான் இரண்டும் குழம்பிப்போகும்.

நம் தஞ்சாவூரிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. ஆந்த்ரே பெத்தேய் 1961, 62இல் 'ஸ்ரீபுரம்' என்று தானே பெயரிட்டுக்கொண்ட கிராமத்தில் அக்கிரகாரத்தில் தங்கி ஆய்வு செய்தார். 1965இல் வந்த அந்த நூல் இன்றும் படிக்கவேண்டியது. அதில் எனக்குப் பெரிய மதிப்பு எந்த இடத்தில் என்றால், அக்கிரகாரத்தில் இருந்ததால் மற்றத் தெருக்களைப் பற்றிய தன் தகவல் அந்த அளவுக்கு வளமாக இல்லை என்று வெளிப்படையாக எழுதிய இடத்தில். எந்தத் தெருவில் நின்று பார்த்தேன் என்று சொல்லிவிட்ட நூலை வாசகர் அதற்கேற்ற அளவில் நம்பலாம். உன் இயலில் அந்தப் பத்தி இல்லை. திண்ணையில் இருந்த மனிதர் குறிப்பேட்டில் இருக்கிறார், இயலில் காணோம்.

அவர் அங்கே இருக்கும்போது அந்தப் பெண்கள் உன்னிடம் வேறு எதைச் சொல்லியிருக்க முடியும் என்று நினைத்துப் பார். நாளைக்கு நடவுக்குக் கூப்பிடுவது அவர் வீடு. அவசரத்துக்குக் கடன் கேட்டுப் போவதும் அவர் வீடு. 1968 டிசம்பர் 25 அன்று, அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். கூலி உயர்வு கேட்டதும் சங்கமாகச் சேர்ந்ததும்தான் அந்த மக்கள் செய்தது. பெத்தேய் தஞ்சாவூர் மாவட்டத்தைவிட்டுப் போய் ஏழு ஆண்டுகூட ஆகவில்லை. பேசினால் என்ன விலை என்பது நம் ஊர்க் காலனிகளில் பாடம் நடத்திச் சொல்லவேண்டிய விஷயம் இல்லை. "ஒத்துமையா இருக்கோம்" என்ற வாக்கியத்தில் அந்தக் கணக்கும் சேர்ந்திருக்கலாம்.

இங்கேதான் ஜேம்ஸ் ஸ்காட் உனக்கு உதவுவார். 1978 முதல் 1980 வரை மலேசியாவில், கெடா மாநிலத்து நெல்வயல் நாட்டில், ஏறக்குறைய எழுபது குடும்பங்கள் உள்ள ஒரு கிராமத்தில் இருந்தார். இருபோகச் சாகுபடி வந்து, அறுவடை இயந்திரமும் வந்து, ஏழைகளுக்குக் கதிரடிக்கிற வேலை பறிபோன காலம் அது. கலகம் எதுவும் நடக்கவில்லை. பணக்காரர் எதிரில் எல்லாரும் பணிவாகத்தான் இருந்தார்கள். ஆனால் முதுகுக்குப் பின்னால் பட்டப்பெயர்கள் உலவின. நெல்மூட்டைகள் காணாமல் போயின. வேலை மெதுவாக நடந்தது. இயந்திரத்தைக் கூப்பிட்டவர் வயலில் நடவுக்கு இறங்கப் பெண்கள் தயங்கினார்கள், காரணம் மட்டும் வேறு எதையோ சொன்னார்கள். ஆளப்படுகிறவர்களின் மனதையும் ஆள்கிறவர்கள் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று கிராம்ஷியைப் பின்பற்றிப் பலர் சொல்லிவந்த காலத்தில், அந்தப் பணிவுக்குள் இருக்கும் விமரிசனத்தை ஸ்காட் எடுத்துக்காட்டினார். 1985இல் அந்த நூல் வந்தது.

உடனே ஓடிப்போய் மொஃபாட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஸ்காட்டை வைத்துவிடாதே, கயல். எனக்குப் பெரிய பயம் அதுதான். கோட்பாடு நகைக்கடையில் பிடித்ததை எடுத்துப் போட்டுப்பார்க்கிற சங்கிலி இல்லை. எகிப்தில் பெதுவின் பெண்களிடையே வாழ்ந்து எழுதிய லைலா அபு-லுகோத், 1990இல் ஒரு கட்டுரையில் இதைக் குறித்து எச்சரித்தார். எதிர்ப்பைத் தேடிப் போகிற ஆய்வாளர் எங்கே பார்த்தாலும் எதிர்ப்பையே கண்டு மகிழ்ந்துபோகிறார், அதிகாரம் எப்படி வேலை செய்கிறது என்று கேட்க மறந்துவிடுகிறார் என்றார். உன் காலனியில் யாராவது உண்மையிலேயே தன் தெய்வத்தையும் தன் வழக்கத்தையும் நேசிக்கலாம். ஊர்த்தெருக்காரர் ஒருவரோடு மனம்விட்ட நட்பு இருக்கலாம். ஒருவேளை மொஃபாட் சொன்னது உன் ஊரில் பாதியளவு சரியாகவும் இருக்கலாம். அது எனக்குத் தெரியாது. இப்போதைக்கு உனக்கும் தெரியாது, ஏனென்றால் அதை அறியும் நிலையில் நீ ஒருமுறைகூட அவர்கள் முன் உட்காரவில்லை. மௌனத்தைச் சம்மதம் என்று படிப்பதும், மௌனத்துக்குள் நம் ஆசையைப் போட்டு நிரப்புவதும் அவர்களுக்குச் செய்யும் ஒரேவித அநியாயம்.

இனி செய்யவேண்டியவை. தங்கும் வீட்டை மாற்றமுடிந்தால் மாற்று, அந்தக் குடும்பத்தின் மனம் நோகாமல். காலனியிலேயே அறை கிடைக்கும், அங்கே தங்கினால் ஊர்த்தெரு உன்னிடம் கொஞ்சம் முகம் சுளிக்கும், அந்தச் சுளிப்பையும் எழுதிவை. கேள்வித்தாளை எடுத்துவைத்துவிட்டு நடவுக்கும் களைவெட்டுக்கும் போகும் பெண்களோடு நீயும் போ. "சாதிப் பாகுபாடு உண்டா" என்று கேட்டால் யாரும் பதில் சொல்லமாட்டார்கள். நடந்ததைக் கேள். போன வருடம் கூலி ஏறியதா, முதலில் கேட்டது யார், கேட்டபிறகு அவரை வேலைக்குக் கூப்பிட்டார்களா? மாரியம்மன் தேர் எந்தத் தெருவரை வருகிறது? பிணத்தை எந்த வழியாக எடுத்துப்போகிறார்கள்? மழைக்காலத்தில் அந்த வழி என்ன ஆகிறது? டீக்கடையில் யார் பெஞ்சில் உட்காருகிறார்கள், யார் நின்று குடிக்கிறார்கள்? இவற்றில் பலவற்றைக் கேட்கக்கூட வேண்டாம், நின்று பார்த்தாலே போதும். ஒவ்வொரு பேச்சுக்கும் கீழே அந்த நேரத்தில் அங்கே யார் யார் இருந்தார்கள் என்று ஒரு வரி எழுது. ஒரே ஆள் இரண்டு இடத்தில் இரண்டுவிதமாகச் சொன்னால் எது சரி என்று தீர்ப்புச் சொல்லாதே, இரண்டையும் அப்படியே வை. உன் மூன்றாம் இயலுக்கு அந்த வித்தியாசத்திலிருந்துதான் சரக்கு கிடைக்கும்.

இன்னொன்று, எல்லாவற்றிலும் முக்கியமானது. அவர்கள் உன்னை நம்பிப் பேச ஆரம்பித்துவிட்டால் உன் பொறுப்பு கனத்துவிடும். திரைக்குப் பின்னால் சொன்னதை நீ அச்சில் ஏற்றும்போது திரையை நீயே விலக்குகிறாய். ஊருக்குக் கற்பனைப் பெயர் வைத்தால் சென்னையில் இருப்பவருக்கு ஊர் தெரியாது. அந்த ஊர்க்காரருக்கு, "நாற்பது வயதுக் கைம்பெண், இரண்டு மகன்கள், முன்னாள் வார்டு உறுப்பினர்" என்று எழுதினாலே ஆள் யாரென்று தெரிந்துபோகும். இப்போது ஆய்வேடுகள் எல்லாம் இணையத்தில் ஏறிவிடுகின்றன. அந்தத் திண்ணைக்காரரின் பிள்ளை அதைப் படிக்கமாட்டான் என்று நீ எப்படிச் சொல்வாய்? வயதை மாற்று, தெருவை மாற்று, இரண்டு பேரின் விவரத்தைப் பிரித்து எழுது. எப்படி எழுதினாலும் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்றால் அந்தச் செய்தியை விட்டுவிடு, அது எவ்வளவு அருமையான சான்றாக இருந்தாலும் சரி. எழுதியதை அவர்களுக்கே வாசித்துக் காட்டி, எது வேண்டாம் என்று கேட்டுக்கொள். வேண்டாம் என்றால் வாதாடாதே.

நெறியாளரிடம் இயலைத் திரும்பப் பெற்றுக்கொண்டு இன்னும் ஒரு பருவம் அவகாசம் கேள். உதவித்தொகை நின்றுபோகும் என்று தயங்காதே, அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் நான் அனுப்புகிறேன். இதை அண்ணனிடம் சொல்லவேண்டாம், நான் பேசிக்கொள்கிறேன். பெர்ரிமனின் நூல் கல்லூரி நூலகத்தில் கிடைக்காவிட்டால் என் பிரதியைத் தபாலில் போடுகிறேன். ஓரத்தில் நான் எழுதிவைத்திருப்பதைப் படிக்காமல் முதலில் நூலை மட்டும் படி.

அன்புடன்,
மல்லிகா அத்தை