விடுமுறையில் தேர்வீதி, ஜூனில் வகுப்பறை

கோடை விடுமுறை முடிந்து வரும் மாணவர்களை 'நான் கண்ட திருவிழா' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்வது நம் பள்ளிகளில் நெடுநாள் வழக்கம். நாற்பது தாள்களைத் திருத்தி முடித்த ஆசிரியருக்குத் தெரியும், பெரும்பாலும் ஒரே கட்டுரைதான் நாற்பது முறை வந்திருக்கும். கூட்டம் அலைமோதியது, கடைகள் ஏராளமாக இருந்தன, ராட்டினத்தில் ஏறினோம், மகிழ்ச்சியாக வீடு திரும்பினோம். இதை மாணவரின் குறை என்று சொல்ல முடியாது. எதைப் பார்க்க வேண்டும் என்று போகும் முன் நாம் சொல்லவில்லை. போய் வந்த பின்தான் கேட்கிறோம்.

இந்த வரிசையை மாற்றினால் என்ன நடக்கும்? ஏப்ரலில் சில கேள்விகளைக் கொடுத்தனுப்பி, ஜூனில் அவற்றைக் கொண்டு பாடம் நடத்தும் ஒரு திட்டம் இங்கே தரப்படுகிறது. 4ஆம் வகுப்பு முதல் 9ஆம் வகுப்பு வரை இதைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

ஏன் அவிநாசித் தேர்?

திருப்பூர் மாவட்டம் சேவூரையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் எடுத்துக்கொள்வோம். அவிநாசியிலிருந்து புளியம்பட்டி செல்லும் சாலையில் உள்ள ஊர் சேவூர். வாலீசுவரர் கோயிலும், நிலக்கடலை ஏலம் நடக்கும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடமும் இங்கு உள்ளன. பெற்றோர் பலர் பனியன் கம்பெனிகளிலும் விசைத்தறிகளிலும் தோட்டங்களிலும் வேலை செய்கிறார்கள். இந்த வட்டாரத்துக்கே பெரிய விழா, அவிநாசிலிங்கேசுவரர் கோயிலின் சித்திரைத் தேர்த் திருவிழா. கொங்கு நாட்டுப் பாடல் பெற்ற ஏழு தலங்களில் அவிநாசியும் ஒன்று. தமிழ்நாட்டின் பெரிய தேர்களுள் அவிநாசித் தேரும் வைத்துப் பேசப்படுகிறது.

சித்திரை விழா பெரும்பாலும் ஆண்டுத் தேர்வை ஒட்டியோ விடுமுறையிலோ வரும். மாணவர்கள் குடும்பத்தோடு போவார்கள். நாம் கூட்டிச் செல்ல வேண்டியதில்லை. நாற்பது குழந்தைகளை அவ்வளவு பெரிய கூட்டத்தில் அழைத்துச் செல்வது பாதுகாப்பும் அல்ல. கேள்விகள் மட்டும் நம்முடையவை.

கோயில் வழிபாடு இந்தப் பாடத்தின் பொருள் அல்ல, வீதிதான் பாடம். ஆகவே எந்தச் சமயத்துக் குழந்தையும் கலந்துகொள்ளலாம். வேளாங்கண்ணித் திருவிழா, நாகூர் கந்தூரியின் சந்தனக்கூடு, ஊர் மாரியம்மன் நோன்பு என எந்த வீதி விழாவைப் பற்றியும் எழுதலாம். பெற்றோருக்கு இரவு ஷிப்ட் இருந்ததால் எங்கும் போக முடியாத குழந்தை வாரச் சந்தையைப் பார்த்து எழுதட்டும். 'என்ன வாங்கினாய்?' என்ற கேள்வியை மட்டும் தவிர்த்துவிடுவோம். கையில் காசில்லாமல் போய் வந்த குழந்தையை அந்தக் கேள்வி ஊமையாக்கிவிடும்.

ஏப்ரலில் கொடுத்தனுப்பும் கேள்விகள்

அரைத்தாளில் ஐந்து கேள்விகள் போதும்.

1. தேரைக் கிளப்புவது யார், திருப்புவது யார், நிறுத்துவது யார்? அவர்கள் கையில் என்ன இருந்தது?
2. தேர்க்கடை போட்டிருக்கும் ஒருவரிடம் பேசு. எந்த ஊரிலிருந்து வருகிறார்? அடுத்து எந்த ஊர் விழாவுக்குப் போகிறார்?
3. ஒரு பொருளின் விலையை இரண்டு கடைகளில் கேள். ஒரே விலையா? எடையா, படியா, எண்ணிக்கையா?
4. தேர் வரும் முன் வீதியில் என்னென்ன மாற்றங்கள் செய்தார்கள்?
5. அங்கே கேட்ட, உனக்குப் புதிதான மூன்று சொற்கள்.

இரண்டாம் கேள்விக்கு முன்பயிற்சி தேவை. வகுப்பில் ஒருவர் கடைக்காரராகவும் ஒருவர் மாணவராகவும் நடிக்கலாம். "அண்ணா, கடை மும்முரமா இருக்குதுங்களா? ரெண்டு நிமிசம் பேசலாங்களா?" என்று தொடங்கவும், அவர் மறுத்தால் "பரவாயில்லைங்க" என்று நகரவும் பழக்க வேண்டும். பெரியவர் உடனிருக்கும்போது மட்டுமே பேச வேண்டும். பெயரோ தொலைபேசி எண்ணோ கேட்கக் கூடாது. படம் எடுக்கத் தேவையில்லை.

முதல் நாள்: தமிழ்

ஐந்தாம் கேள்வியின் சொற்களைக் கரும்பலகையில் திரட்டுவோம். வடம், அச்சு, நிலை, முட்டுக்கட்டை, தேர்க்கால் என்று வரும். இவற்றுள் பல, தேரை விட்டு இறங்கி நம் பேச்சில் புழங்குபவை. ஒரு வேலையைத் தடுப்பவரை 'முட்டுக்கட்டை போடுகிறார்' என்கிறோம். எல்லோரும் சேர்ந்து செய்ய வேண்டியதை 'ஊர் கூடித் தேர் இழுப்பது' என்கிறோம். திருக்குறளில் வினைத்திட்பம் அதிகாரத்தில் தேரின் அச்சாணி உவமையாக வருவதையும் இங்கே நினைவூட்டலாம்.

ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "முட்டுக்கட்டை நல்லதா, கெட்டதா?" பேச்சு வழக்கை மட்டும் அறிந்தவர் கெட்டது என்பார். தேரைக் கண்டு வந்தவர், கட்டை போடாவிட்டால் தேர் கூட்டத்துக்குள் போய்விடும் என்பார். சொல்லின் இரு முகத்தையும் மாணவர் தாமே கண்டுகொள்ளும் இடம் இது.

இரண்டாம் நாள்: அறிவியலும் கணிதமும்

நின்ற தேரைக் கிளப்பத்தான் அதிக விசை தேவை. நகரத் தொடங்கிய பின் அவ்வளவு தேவையில்லை. பின்சக்கரத்தின் அடியில் நெம்புகோல் கொடுப்பதும், பல ஊர்களில் இன்று பொக்லைன் எந்திரம் பின்னிருந்து தள்ளுவதும் இதனால்தான். ஒரு செங்கல்லைக் கயிற்றில் கட்டிச் சுருள்வில் தராசால் இழுத்தால், நகரும் கணத்தில் காட்டும் அளவும் நகர்ந்த பின் காட்டும் அளவும் வேறுபடுவதைக் காணலாம். நிலை உராய்வையும் இயக்க உராய்வையும் விளக்க இதைவிட எளிய சோதனை இல்லை. அதே செங்கல்லை நான்கு பென்சில்கள் மேல் வைத்து இழுத்தால் சக்கரத்தின் பயனும் விளங்கும்.

தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. பிறகு முனையில் எப்படித் திரும்புகிறது? ஒரு பக்கச் சக்கரத்தின் முன் கட்டையைக் கொடுத்தால் அந்தப் பக்கம் தடைபடும், மறுபக்கம் முன்னேறும், தேர் தடைபட்ட பக்கமாகத் திரும்பும். தீப்பெட்டி வண்டியும் ஓர் அழிப்பானும் இருந்தால் மேசை மேலேயே செய்து காட்டலாம். சக்கரத்தின் அருகே குனிந்து, கட்டையைச் சரியான நொடியில் கொடுத்து எடுப்பவரின் வேலை உயிரைப் பணயம் வைக்கும் திறன்வேலை. தேரின் உச்சியை மட்டும் பார்த்து வரும் மாணவர், அடுத்த ஆண்டு அவரையும் பார்ப்பார்.

கொஞ்சம் வெளியூருக்கும் போகலாம். திருவாரூர் ஆழித்தேர் அலங்கரித்த நிலையில் சுமார் 96 அடி உயரமும் ஏறக்குறைய 300 டன் எடையும் கொண்டதாகச் சொல்லப்படுகிறது. பல ஆண்டுகள் ஓடாதிருந்து 1970இல் அது மீண்டும் ஓடியது. திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்த இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் அதில் உள்ளன. முட்டுக்கட்டையும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்வது ஒரே வேலைதானா என்று உயர்நிலை வகுப்பில் விவாதிக்கலாம்.

கணிதத்துக்கு: சக்கரத்தின் விட்டம் 7 அடி என்று கொண்டால் ஒரு சுற்றுக்கு 22 அடி நகரும். 1,100 அடி நீள வீதியைக் கடக்க 50 சுற்று. தொடக்க வகுப்புகளில் மூன்றாம் கேள்வியின் விடைகளை அட்டவணையாக்கலாம். படிக் கணக்கில் வாங்கிய பொரியையும், 100 கிராம் கணக்கில் வாங்கிய கடலையையும் ஒப்பிடும்போது அளவைகள் பாடம் உயிர்பெறும்.

மூன்றாம் நாள்: சமூக அறிவியல்

மாணவர் சொல்லும் ஊர்ப் பெயர்களை மாவட்ட வரைபடத்தில் குறிப்போம். வளையல் கடை, ராட்டினம், டெல்லி அப்பளம், திருப்பூரிலிருந்து செகண்ட்ஸ் பனியன்களைக் குவித்து விற்கும் கடை என ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு வரைந்தால், தேர்வீதி ஒரு வலைப்பின்னல் என்பது புரியும். வறுகடலையை மட்டும் தனியாகப் பின்தொடரலாம்: மானாவாரிக் காடு, சேவூர் போன்ற ஊரின் ஏலக் கூடம், வியாபாரி, வறுப்பவர், தேர்க்கடை. கிலோவுக்கு விவசாயி பெற்ற விலையையும் நாம் கொடுத்த விலையையும் வீட்டில் கேட்டு வந்து ஒப்பிடட்டும்.

வடம் பிடிப்பது பற்றிய பேச்சு வரும்போது ஒரு கேள்வியைத் தவிர்க்கக் கூடாது: யாரெல்லாம் பிடிக்கலாம்? சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் இந்த உரிமை உயர் நீதிமன்றம் வரை சென்ற வழக்கு. அரசமைப்பின் 15, 17ஆம் பிரிவுகளை நடத்தும் 8ஆம், 9ஆம் வகுப்பு ஆசிரியருக்கு 'ஊர் கூடி' என்ற தொடரே நல்ல தொடக்கம். அந்த 'ஊர்' என்ற சொல்லுக்குள் எல்லாத் தெருவும் அடங்க வேண்டும் அல்லவா?

தன் வயதுக் குழந்தை ஏதாவது கடையில் வேலை செய்வதைப் பார்த்ததாக ஒரு மாணவர் சொல்லக்கூடும். கடந்துபோய்விடாமல், 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம் என்பதையும், 1098 என்ற எண்ணையும் அன்றே சொல்லிவிட வேண்டும்.

நான்காம் நாள்: வெளிமாநிலக் குழந்தைகள்

இந்தப் பகுதிப் பள்ளிகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் குழந்தைகள் படிக்கிறார்கள். தமிழ் தெரியாததால் பின்பெஞ்சில் அமைதியாக இருப்பவர்கள். ஒடிசாவிலிருந்து வந்த குழந்தையிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்து, புரி ரத யாத்திரையை வரையச் சொல்லலாம். அங்கே தேர் ஒன்றல்ல, மூன்று. ஜகந்நாதர் தேருக்கு 16 சக்கரம், பலபத்திரர் தேருக்கு 14, சுபத்திரை தேருக்கு 12. மூன்றும் ஆண்டுதோறும் புது மரத்தால் செய்யப்படுபவை. நம் ஊர்த் தேர்களோ பழுது பார்த்துப் பல தலைமுறை ஓடுபவை. 'மொத்தம் எத்தனை சக்கரம்?' என்று 4ஆம் வகுப்பில் கூட்டச் சொல்லலாம். 'ஏன் ஆண்டுதோறும் புதிது?' என்று 8ஆம் வகுப்பில் கேட்கலாம்.

'தேர்', 'கயிறு', 'சக்கரம்' ஆகிய சொற்களை ஒடியாவில் அந்தக் குழந்தையே வகுப்புக்குக் கற்றுத்தரட்டும். அதே மூன்றைத் தமிழில் வகுப்பு அவருக்குக் கற்றுத்தரும். பாடம் தெரியாதவர் என்று எண்ணப்பட்ட குழந்தை, நமக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்தவராக அன்று எழுந்து நிற்கிறார். இந்த நான்கு நாள்களில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இந்த நாளையே தேர்ந்தெடுங்கள்.

ஐந்தாம் நாள்: பாதுகாப்பு

நான்காம் கேள்விக்கு 'கரண்டை நிறுத்தினார்கள், ஒயரைக் கழற்றினார்கள்' என்று விடை வரும். ஏன் என்பதற்கு அண்மை வரலாறே சான்று. 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசியதில் 11 பேர் உயிரிழந்தனர். அவர்களில் சிறுவர்களும் இருந்தனர். உலோகமும் ஈரத்தரையும் மின்சாரத்தைக் கடத்துவதைப் படமாக மட்டும் பார்த்த மாணவர், இதன் பின் அதை மறக்கமாட்டார். தேர்ச்சக்கரத்துக்கு அருகே போகாதிருத்தல், வீட்டு எண் எழுதிய சீட்டைச் சட்டைப்பையில் வைத்தல், தொலைந்தால் காவல் உதவி மையத்தில் நிற்றல் ஆகியவற்றை ஏப்ரலிலேயே சொல்லி அனுப்ப வேண்டும்.

மதிப்பீடு

இதற்குப் பிறகு அதே பழைய கட்டுரையை எழுதச் சொல்லலாம். மூன்று மட்டும் பாருங்கள்: தானே கண்டது ஒன்றாவது இருக்கிறதா? இன்னொருவர் சொன்னது ஒன்றாவது இருக்கிறதா? 'ஏன்' என்ற கேள்வி ஒன்றாவது இருக்கிறதா? மூன்றும் இருந்தால் எழுத்துப்பிழைகளைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். நாற்பது தாள்களும் நாற்பது வேறு கட்டுரைகளாக வந்தால், ஏப்ரலில் கொடுத்த அந்த அரைத்தாள் தன் வேலையைச் செய்துவிட்டது என்று பொருள்.