வெட்டிய கட்டியை வீசாதே

அன்புள்ள தங்கைக்கு,

கழுத்திலும் முகத்திலும் காலிஃபிளவர் போலப் பாலுண்ணி மண்டிய கிடேரியைப் பற்றி எழுதியிருந்தாய். "பார்த்ததும் தெரிந்துவிட்டது" என்ற உன் வரிக்குத்தான் இந்தப் பதில். அந்தக் கிடேரியைப் பொறுத்தவரை நீ சொன்னது சரியாகத்தான் இருக்கும். இரண்டு வயதுக்குட்பட்ட மாடுகளுக்கு வரும் பாலுண்ணிக்குப் பாப்பிலோமா வைரஸே காரணம். பலவற்றில் சில மாதங்களில் தானாகவே உதிர்ந்துவிடும். ஆனால் எல்லாக் கட்டியும் இப்படி முகம் காட்டிக்கொண்டு வராது.

2019இல் ஒடிசாவில் தோல் கழலை நோய் கண்டறியப்பட்டு நாடெங்கும் பரவியதிலிருந்து, தோலில் எந்த முடிச்சைக் கண்டாலும் அதன் கணக்கிலேயே எழுதிவிடும் பழக்கம் நம்மிடம் வந்துவிட்டது. இது எனக்குக் கவலை தருகிறது. காய்ச்சல் இல்லாமல், இளம் மாட்டின் உடலெங்கும் முடிச்சுகள் தோன்றி, கொஞ்சம் வற்றி, மறுபடி கிளம்பினால் தோல் லிம்போமாவாகவும் இருக்கலாம். வெள்ளைத் தோல் கண்ணிமை உள்ள கலப்பினப் பசுவின் மூன்றாம் இமையில் சின்னதாய்ச் சிவந்த சதை தெரிந்தால் அதைக் கண் காயம் என்று களிம்பு போட்டே வாரக்கணக்கில் கடத்திவிடாதே. செதிள்செல் புற்று அப்படித்தான் தொடங்கும். காதடி நிணநீர்க் கணுவையும் தடவிப் பார்.

கட்டி எது என்று உறுதிசெய்ய முதலில் ஊசி. 22 கேஜ் போதும். கட்டிக்குள் திசை மாற்றி மாற்றி நகர்த்து. வெளியே எடுக்கும் முன் சிரிஞ்சின் பிஸ்டனை விட்டுவிடு. இல்லையென்றால் ஊசிக்குள் இருக்க வேண்டிய செல்களெல்லாம் சிரிஞ்சுக்குள் ஏறிவிடும். ஸ்லைடில் மெல்ல இழுத்து, காற்றில் உலர்த்தி, ஜீம்சா சாயம் ஏற்று. நார்க்கட்டி செல்களை எளிதில் விடாது. ஸ்லைடு வெறுமையாக இருந்தால் புற்று இல்லை என்று முடிவு கட்டாதே.

அடுத்தது சதைத் துண்டு. அழுகிய நடுப்பகுதி எதற்கும் உதவாது. விளிம்பில், நல்ல தோலும் சேர்ந்து வரும்படி எடு. செல்கள் அடித்தளச் சவ்வை உடைத்துக்கொண்டு கீழே இறங்கியிருக்கின்றனவா என்பதை அங்கேதான் பார்க்க முடியும். பாப்பிலோமாவையும் புற்றையும் பிரிக்கும் கோடு அதுதான். துண்டு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் வேண்டாம். 10 சதவீதப் பார்மலின், சதையைப் போல் 10 மடங்கு ஊற்று. பார்மலின் குறைந்தால் உள்சதை அழுகிப் போகும்.

நீலகிரிப் பக்கம் மாற்றலானால் இன்னொன்றையும் நினைவில் வை. பெரணியை நெடுநாள் மேய்ந்து இரத்தச் சிறுநீர் கழிக்கும் மாடுகளின் சிறுநீர்ப்பைப் புற்றுக்கும் பாப்பிலோமா வைரஸுக்கும் தொடர்பு உண்டு.

சதைத் துண்டுப் புட்டியோடு ஆய்வகத்துக்குப் போகும் தாளில் வயது, இனம், கட்டி இருந்த இடம், எத்தனை நாளாக, எவ்வளவு வேகமாக வளர்ந்தது, எல்லாவற்றையும் எழுது. பெரும்பாலான தாள்களில் 'மாடு, கட்டி' என்ற இரண்டே சொற்கள்தான் இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு ஆய்வகத்தில் இருப்பவர் என்ன செய்வார்? முடிவு வரும்வரை மாட்டை விற்றுவிடும்படி யாருக்கும் சொல்லாதே. வெட்டி எடுத்த எந்தக் கட்டியையும், சின்னதாக இருந்தாலும், குப்பையில் போடாமல் அனுப்பிவை.

அன்புடன்,
உன் அண்ணன்