மென்பொருளாளரும் ஆற்றுப்படையும்

மரக்காணத்து உப்பளங்களை அடுத்த பிரம்மதேசம், பண்டை ஓய்மாநாட்டைச் சார்ந்த நிலமாகும். அந்நாட்டு வேந்தன் நல்லியக்கோடனை நத்தத்தனார் பாடியது சிறுபாணாற்றுப்படை. அதிற் கூறப்படும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பர் ஆராய்ச்சியாளர். பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையுற்ற மற்றொரு பாணனுக்கு வழி கூறுவதாக அமைந்தது அந்நூல். யாழ்த்திறம் இருவர்க்கும் உண்டு, வழியறிந்தவன் ஒருவனே.

இக்காலத்து மென்பொருளாளர்க்கு அத்தகைய வழிகாட்டி வேண்டா, இணையமே போதும் என்பாருளர். 2008-இல் தோன்றிய கிட்ஹப் போன்ற தளங்களில் ஒருவர் தாம் எழுதிய நிரலை உலகறிய வைக்கலாம். எந்நாளில் எவ்வரியை மாற்றினார், பிறர் சுட்டிய பிழையை எங்ஙனம் திருத்தினார் என்பனவும் அங்கே பதிவாகும். பட்டச்சான்று இவற்றைக் காட்டாது. பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தம் லினக்ஸை 1991-இல் இணையவழி அறிவித்தபோது அவர்க்கு வயது 21. 1997-இல் அமெரிக்க நிறுவனமொன்று அவரைப் பணிக்கு அழைத்துக்கொண்டது.

எல்லார்க்கும் இங்ஙனம் நிகழ்வதில்லை. நிறுவனத்திற்கு எழுதிய நிரல் நிறுவனத்தின் உடைமை. ஆதலின் பல்லாண்டு உழைத்தவரும் காட்டுதற்கு ஒன்றுமின்றி நிற்பதுண்டு. காட்டியவர் நிலை யாது? அப்பாச்சி என்னும் திறந்த மென்பொருட் குழுவினரைப் பற்றி ஹான், ராபர்ட்ஸ், ஸ்லாட்டர் என்போர் 2002 முதல் 2013 வரை வெளியிட்ட கட்டுரைகள் நம்மை வியப்பித்தன. நிரல்களை மேன்மேலும் அளித்ததனால் மட்டும் ஊதியம் உயரவில்லையாம். உடனுழைப்போர் தகுதி கண்டு உயர்படியில் ஏற்றியவர்க்கே 18 விழுக்காடு வரை மிகுந்த ஊதியம் காணப்பட்டது. ஓய்மாநாட்டுப் பாணன் இன்னும் வழியில் நிற்கின்றான் போலும்!

2017-இல் வெளிவந்த ஆராய்ச்சியோ வருத்தந் தருவது. கிட்ஹப்பிற் பெண்கள் அனுப்பிய திருத்தங்கள், மொத்தத்தில் ஆடவர் அனுப்பியவற்றினும் மிகுதியாகவே ஏற்கப்பட்டன. ஆனால் குழுவிற்குப் புதியவராய், பெண்ணென வெளிப்படத் தெரிந்தவர் திருத்தங்கள் ஆடவர் திருத்தங்களினும் குறைவாகவே ஏற்கப்பட்டன.

ஆகவே, பிரம்மதேசத்திலிருந்து கணினி பயிலப் புறப்படும் மாணவியொருத்தி, தன் பெயரில் நூறு சிறு நிரல்களை அடுக்கி வைத்துக் காத்திருத்தலினும், பலர் கூடியியற்றும் ஒரு மென்பொருளிற் புகுந்து சிறு பிழையேனும் திருத்துதல் நன்றென்பது நம் கருத்து. ஒரு வரி நிரலும் எழுதியறியாத தமிழ் மாணவர் இதனைச் சொல்லலாமோ எனின், ஆற்றுப்படை கற்ற துணிவே காரணம். இவ்விதழைக் கண்ணுறும் பழைய மாணவருள் அத்தொழிலோர் உளர். அவள் நிரலைத் திறந்து வாசித்து, கண்ட குறையை எழுதியனுப்ப அவர்க்கு அரைமணி நேரம் போதும்.