வாங்கிய மின்நூல் யாருடையது?

கிணத்துக்கடவில் இருக்கும் வாசகருக்கு ஒரு தமிழ் நாவல் வேண்டுமென்றால் வடக்கே கோவை ராஜ வீதிக்குப் பஸ் ஏற வேண்டும், அல்லது கொடிசியாவில் புத்தகத் திருவிழா வரும்வரை காத்திருக்க வேண்டும். 2016 டிசம்பரில் அமேசான் நிறுவனம் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளில் கிண்டில் நூல்களை விற்கத் தொடங்கியதும் இந்தத் தூரம் ஒரே நாளில் சுருங்கியது. இந்த நன்மையை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் மின்நூலைப் பற்றி நாம் நடத்தும் விவாதம் பெரும்பாலும் தவறான இடத்திலேயே நின்றுகொண்டிருக்கிறது. திரையா, காகிதமா என்று வாதாடுகிறோம். காசு கொடுத்து வாங்கிய நூல் யார் கையில் இருக்கிறது, எந்த வடிவத்தில் இருக்கிறது என்று கேட்பதில்லை.

முதலில் திரையைப் பற்றிய அச்சத்தைப் பார்த்துவிடலாம். மின்நூல் கண்ணைக் கெடுக்கும் என்பவர்கள் செல்போனையும் வாசிப்புக் கருவியையும் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள். கிண்டில், கோபோ போன்ற கருவிகளின் மின்மைத் திரையில் நுண்ணிய குமிழ்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் கருப்பு, வெள்ளைத் துகள்கள் மிதக்கின்றன. மின்புலம் எதை மேலே இழுக்கிறதோ அந்த நிறம் எழுத்தாகவோ வெற்றிடமாகவோ தெரிகிறது. பக்கம் மாறி முடிந்த பிறகு அது அப்படியே நிற்க மின்சாரம் தேவையில்லை. காகிதத்தைப் போலவே, மேலே விழும் வெளிச்சத்தில்தான் படிக்கிறோம். காகிதத்தில் படித்தால்தான் மனதில் நிற்கும் என்பதில் பாதி உண்மை உண்டு. 2000 முதல் 2017 வரை வெளிவந்த 54 ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வெளியான ஒரு மதிப்பீடு, தகவல் சார்ந்த பாடங்களைப் படிக்கும்போதும் நேர நெருக்கடியில் படிக்கும்போதும் காகிதமே மேல் என்று கண்டது. கதை படிப்பதில் அந்த வேறுபாடு தென்படவில்லை. ஆகவே தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு அச்சுப் புத்தகம் வாங்கிக் கொடுப்பது நியாயம். நாவல் படிப்பவர் திரையைக் கண்டு தயங்க வேண்டியதில்லை.

உண்மையில் சோதிக்க வேண்டிய நம்பிக்கை வேறு: ‘வாங்கு’ என்ற பொத்தானை அழுத்திவிட்டால் நூல் நம்முடையது என்பது. அப்போது நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் படிக்கும் உரிமம் மட்டுமே. நிலத்தைக் கிரயம் செய்ததாக நினைத்துக்கொண்டு குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்திடுவதற்கு நிகரானது இது. 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நூல்களை, விற்றவருக்குப் பதிப்புரிமை இல்லை என்ற காரணத்தால், வாசகர்களின் கிண்டிலில் இருந்தே அமேசான் அழித்தது. ஃப்ளிப்கார்ட் 2012-ல் மின்நூல் விற்கத் தொடங்கி 2015 டிசம்பரில் அதைக் கைவிட்டது. வாங்கியிருந்தவர்கள் கோபோவுக்கு மாற வேண்டியிருந்தது. மைக்ரோசாஃப்ட் 2019-ல் தன் மின்நூல் கடையை மூடியபோது விற்ற நூல்கள் எல்லாம் படிக்க முடியாமல் போயின. சீனாவில் கிண்டில் கடை 2023 ஜூனில் மூடப்பட்டது. 2025 பிப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி கம்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியையும் அமேசான் நிறுத்திவிட்டது. உரிமத்தை விற்கும்போது ‘வாங்கு’ என்று சொன்னால், அது உரிமம்தான் என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் சட்டமே இருக்கிறது. இந்திய வாசகருக்கும் அந்தத் தெளிவு வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததே, பிறகென்ன குறை என்று கேட்கலாம். ஆங்கிலத்தில் பிரபலமான நாவல் என்றால் அந்தப் பணத்தில் வேறு கடையில் வாங்கிக்கொள்ளலாம். தமிழில் நிலைமை அப்படியில்லை. சில நூறு பிரதிகளோடு அச்சு நின்றுபோகும் நூல்கள் நம்மிடம் ஏராளம். மின்வடிவில் மட்டும் வெளியாகும் நூல்களும் பெருகிவிட்டன. அப்படிப்பட்ட ஒன்று மறைந்தால் கையில் பணம் இருக்கும், வாங்க நூல் இருக்காது. ஓரத்தில் எழுதி வைத்த குறிப்புகளுக்கோ எந்தத் தொகையும் ஈடாகாது.

கணினியில் ஏற்றிவிட்டால் நூலுக்கு அழிவில்லை என்பது இன்னொரு நம்பிக்கை. பாமினி, ஸ்ரீலிபி, வானவில் எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பழைய கோப்பு ஒன்றை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பாருங்கள்: ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த பொருளற்ற வரிசைதான் வரும். தமிழ்நாடு அரசு 1999-ல் டாம், டாப் என்ற குறியாக்கங்களை ஏற்று, 2010-ல் ஒருங்குறிக்கு வந்து சேர்ந்தது. இந்த மாற்றங்களுக்கு நடுவே தப்பியவை, யாரோ அக்கறையோடு மாற்றி வைத்த நூல்கள். 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம், குமார் மல்லிகார்ஜுனன் இருவரும் தொடங்கிய மதுரைத் திட்டம் இதற்குச் சான்று. தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, திஸ்கி என்ற பழைய குறியாக்கத்தில் இருந்ததை ஒருங்குறிக்குக் கொண்டுவந்ததால்தான் அந்த நூல்களை இன்றும் எந்தச் செல்போனிலும் படிக்க முடிகிறது. 2005-ல் தொடங்கிய நூலகம் வலைத்தளம் ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் இத்தகைய காவலைத் தந்துவருகிறது. படியெடுக்கவோ வேறு கருவிக்கு மாற்றவோ விடாத மின்பூட்டு இல்லாத கோப்பைத்தான் இப்படி வடிவம் மாற்றி, படியெடுத்து, அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க முடியும். ஏட்டுச்சுவடிகளும் திரும்பத் திரும்பப் படியெடுக்கப்பட்டதால்தான் உ.வே.சாமிநாதையர் கைக்கு வந்து சேர்ந்தன.

பூட்டை எடுத்தால் திருட்டுப் பிரதி பெருகாதா, எழுத்தாளர் எப்படிப் பிழைப்பார் என்பது பதிப்பாளர்களின் நியாயமான கவலை. ஆனால் டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றும் தமிழ் பிடிஎஃப் பலவும் அச்சுப் புத்தகத்தை ஸ்கேன் செய்தவை. மின்நூலில் எந்தப் பூட்டைப் போட்டாலும் அதைத் தடுக்க முடியாது. டோர் என்ற அறிவியல் புனைகதைப் பதிப்பகம் 2012-ல் பூட்டை நீக்கிவிட்டு, ஓராண்டு கழித்து, திருட்டு குறிப்பிடும்படி கூடவில்லை என்று அறிவித்தது. பெரும்பாலும் பூட்டால் துன்பப்படுபவர் காசு கொடுத்து வாங்கியவர்தான்.

வரியிலும் மின்நூல் வாசகருக்குச் சலுகை இல்லை. அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. அந்த நூலின் மின்வடிவத்துக்கு 2018 முதல் 5 சதவீதம் வரி. வரியும் கட்டி, உரிமையும் இல்லாமல் நிற்பவர் கேட்க வேண்டியவை சில உண்டு: இது இபப் என்ற பொது வடிவத்தில் கிடைக்குமா? வேறு கருவிக்கு மாற்றலாமா? கடை மூடினால் என்ன ஆகும்? இதே கேள்விகளைப் பொது நூலகத் துறையும் பதிப்பாளர்களிடம் கேட்க வேண்டும். கிணத்துக்கடவு பேரூராட்சியில் சொத்து வரி கட்டுபவர் நூலக வரியையும் சேர்த்தே கட்டுகிறார். அந்தப் பணத்தில் வாங்கும் அச்சு நூலை நூலகம் யாருக்கும் இரவல் தரலாம், கிழிந்தால் பைண்டு செய்து வைத்துக்கொள்ளலாம். நாளை மின்நூல்களையும் வாங்கும்போது, நூலகத்திடமே நிரந்தரமாக இருக்கக்கூடிய, பூட்டில்லாத கோப்பைக் கொள்முதல் நிபந்தனையாகவே வைக்கலாம்.